கூலிங்காரரும் தொண்ணூற்றெட்டு டிகிரியும்

இந்த மனுஷரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவர் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாங்கிப் பதினான்கு வருஷம் ஆகிறது. கடையிலிருந்து வந்த அன்று கதவில் ஒட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் குமிழ் விட்டு, பார்க்கச் சகிக்காது. டிவி ரிமோட் பாலித்தீன் பைக்குள் கிடக்கும். மெத்தை வந்த உறையோடு இருக்கும். ஒருவர் புரண்டு படுத்தால் வீடு முழுக்கச் சரசரவென்று கேட்கும். ஒருமுறை அவர் மனைவி பொறுக்க மாட்டாமல் இஸ்திரிப் பெட்டி மேலிருந்த தாளைக் கிழித்து எறிந்தார். மனுஷர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "புதுசா இருந்ததை இப்படிப் பழசாக்கிட்டியே" என்று அதையே சொல்லி மாய்ந்துபோனார்.

எனக்குத் தாங்காத விஷயம் இதுவல்ல. பார்த்துப் பார்த்துப் பழகி, அந்தத் தாள்கள் அவர் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. "ஏங்க, ஃப்ரிட்ஜ் மேல இருக்கிறதைப் பிரிக்கலாமா?" என்று மனைவி கேட்டால், "எதை?" என்பார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்பார்.

எல்லோரும் அவரைக் கூலிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயதில் ஐஸ் ஃபேக்டரியில் குழாய் துடைக்கப் போனவர். இப்போது ஐம்பத்து மூன்று. குளிர் அறை, கடைகளில் நிற்கும் பெரிய ஃப்ரீசர், ஏசி, எது மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் வரும். சட்டைப் பையில் பேனா இருக்காது, தெர்மாமீட்டர் இருக்கும். அதையும் எடுக்க மாட்டார். புறங்கையால் தொட்டு "நாற்பத்திரண்டு" என்பார், அளந்து பார்த்தால் நாற்பத்திரண்டுதான் இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கை பொய் சொன்னதில்லை. அந்தத் தெம்பில்தான் மனுஷருக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

மருந்துக் கிடங்கு ஒன்றில் இருபது வருஷமாக அவர்தான் மெக்கானிக். தன் மனைவியின் தம்பியை அங்கே கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே. குளிர் அறையின் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைப்பது மச்சினன் வேலை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான், அவ்வளவு ஒட்டுதல். இவர் "மாப்ள" என்றால் அவர் "அத்தான்" என்று ஓடி வருவார். எல்லாம் எட்டு மாதத்துக்கு முந்தின கதை.

மூன்று நாள் தொடர் விடுமுறை வந்தது. அதற்கு முன்தினம்தான் கூலிங்காரர் அந்தக் குளிர் அறைக்கு, உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்த்து மெஷினை நிறுத்துகிற சென்சாரைப் புதிதாக மாட்டினார். விடுமுறை முடிந்து மச்சினன் கதவைத் திறந்தால், உள்ளே இருந்த மருந்தெல்லாம் உறைந்து கிடக்கிறது. உறைந்த மருந்து குப்பைக்குத்தான். மச்சினன் பதறிப்போய்க் குளிரைக் குறைக்க, அளவு வைக்கும் நாபைத் திருப்பிவிட்டார். அதனால் முதலில் அது எந்த எண்ணில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது.

விசாரணை நடந்தது. ஒன்று சென்சார் தப்பு, இல்லையென்றால் போகும்போது யாரோ நாபைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார் மேனேஜர். கூலிங்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சார், முப்பது வருஷமா இதே வேலை. நான் மாட்டின சென்சார்ல தப்பு வராது." நாபைத் தொடக்கூடிய ஆள் மச்சினன் ஒருவர்தான். அன்றைக்கே வேலை போயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று சென்சாரையும் மாற்றச் சொன்னார்கள். இவரும் அதைக் கழற்றிப் பழைய சாமான் பெட்டியில் போட்டுவிட்டு, வேறு கம்பெனிச் சரக்கு ஒன்றை மாட்டினார்.

மச்சினன் அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கார் கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கூலிங்காரர் கேட்பவரிடமெல்லாம் என்ன சொல்வார் தெரியுமா? "அவன் செஞ்ச தப்பை நான் மன்னிச்சுட்டேன். அவன்தான் வர மாட்டேங்கிறான்."

இந்த நிலைமையில்தான் மச்சினன் மகள் ஒருநாள் வந்து நின்றாள். இவருக்கு மருமகள் முறை. இருபத்து மூன்று வயது, அச்சகத்தில் டிசைன் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் சுடுகிற விளையாட்டு. கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள்.

"மாமா, என் பழைய மெஷின் திக்குது. எதிரி என்னைச் சுட்டு முடிச்ச பிறகுதான் எதிரி வந்ததே எனக்குத் தெரியுது. புதுசா கட்டணும். கையில இருக்கிறதுக்கு நல்ல மெஷின் வராது. ஆனா ஓவர்கிளாக் பண்ணினா வரும்."

"அப்படின்னா?"

"கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல விரட்டுறது. சும்மா கிடைக்கிற வேகம். ஆனா சூடு ஏறும். அந்தச் சூட்டை எடுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது லாபம்."

கூலிங்காரர் முகம் மலர்ந்துவிட்டது. சூட்டை எடுப்பதா? அவரிடமா கேட்கிறாள்? சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். அன்று மாலை கணவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இது நல்லபடியா ஓடட்டும்ங்க. உங்க வேன்ல நீங்களே கொண்டுபோய் விட்டுடாதீங்க, அதைத் தூக்கிட்டுப் போக வண்டியோட என் தம்பி வந்துதானே ஆகணும். வாசப்படி ஏறிட்டான்னா மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்." அன்றிலிருந்து அந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர் இல்லை, தம்பி.

அந்த வாரமே கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டியலைப் படித்தார். கிராபிக்ஸ் கார்டின் விலையைச் சொன்னதும் கூலிங்காரர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இந்த விலைக்கு ஒன்றரை டன் ஏசி வரும். அது ஒரு ரூமையே குளிர வைக்கும். இது என்ன பண்ணும்?"

"சூடாக்கும் மாமா" என்றாள் மருமகள்.

கையில் இருப்பதில் பாதி இதற்கே போய்விடும் என்று அவள் விளக்கினாள். விளையாட்டில் படம் காட்டுவது கார்டுதான், அதில் கஞ்சத்தனம் பண்ணினால் மற்றதெல்லாம் வீண். புதிது கட்டுப்படியாகாது, ஒரு வருஷம் ஓடிய கார்டு ஒன்று இருந்தது. கடைக்காரம்மா அதை அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினார். கூலிங்காரர் முதுகுப் பக்கம் புறங்கையை வைத்தார், விசிறியில் காதை வைத்தார், கடைசியில் மோந்தும் பார்த்தார். "கருகின வாசனை இல்ல. அடக்க ஒடுக்கமா இருந்த சரக்குதான். எடு."

பிராசசர் போன வருஷத்து மாடல். புதுசு வந்ததும் விலை இறங்கியிருந்தது, வேகத்தை ஏற்றவும் பூட்டுப் போடாதது. ரேம் ஒன்றாக வாங்காமல் ஜோடியாக வாங்கினாள். இரண்டு வழியாகப் போனால் வேகம் கூடுமாம். மதர்போர்டில் அவள் கலர் விளக்கு மினுங்கும் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டாள். இவர் பக்கத்திலிருந்த மொட்டைப் போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "விளக்கு எதுக்கு, திருவிழாவா நடத்தப்போற? இதுல பாரு, கரண்ட் உள்ள வர்ற இடத்துல கெட்டி அலுமினியம் வச்சிருக்கான். அதுல மொட்டையா விட்டுட்டான். விரட்டுனா முதல்ல சூடாகிறது இந்த இடம்தான்." கடைக்காரம்மா கண்ணாடியை இறக்கி அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பவர் சப்ளையில் மட்டும் மூன்று பேரும் ஒரே பேச்சு: பழசு வேண்டாம், மட்டமானது வேண்டாம், போனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்திவிட்டுத்தான் போகும்.

கூலருக்குத் தண்ணீர் சுற்றுகிற மாடல் ஒன்றைக் காட்டினார்கள். கூலிங்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "முப்பது வருஷமா குழாய் ஒழுகுறதைத்தான் துடைச்சுக்கிட்டிருக்கேன். வீட்டுக்குள்ளயுமா?" தடித்த செப்புக் குழாய் நான்கு ஓடுகிற காற்றுக் கூலர் ஒன்றை எடுத்தார். குழாய்க்குள் இருக்கும் துளி நீர் சூட்டில் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரும்பி இறங்கும் என்று கடைக்காரம்மா சொன்னதும், சொந்தக்காரரைக் கண்டவர் மாதிரி அதைத் தடவிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலிங்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைக் காலி பண்ணி எல்லாவற்றையும் பரப்பினார்கள். மருமகளைக் கூலர் பக்கம் விடவில்லை. பிராசசர் மேல் சூட்டைக் கடத்துகிற பசை வைத்தது அவர், கூலரை இறக்கியது அவர், நாலு திருகையும் குறுக்குக் குறுக்காகச் சமமாக முடுக்கியதும் அவர்.

"மாமா, கூலர் அடியில கவர் ஏதும் இருந்துச்சா, பாத்தீங்களா?"

"அம்மாடி, முப்பது வருஷம்" என்றார். அவ்வளவுதான் பதில்.

மெஷின் உயிர் பெற்றது. சாதாரண வேகத்திலேயே சூடு எண்பதைத் தாண்டியது. மருமகள் புருவத்தைச் சுருக்கினாள். வேகத்தை ஏற்றி விளையாட்டைப் போட்டாள். தொண்ணூறு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றெட்டு. திரை பொட்டென்று அணைந்தது. கூலிங்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கை வைத்து ஒரு பொருள் சூடாகி அணைந்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்த வாரம் முழுக்க அவர் அவராக இல்லை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினார். டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். விசிறிகளை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஏசியைப் பதினாறில் வைத்ததில் மனைவி கம்பளி போர்த்திக்கொண்டு சமைத்தார். மருமகள் தினமும் வேலை முடிந்து வந்து பார்ப்பாள். தொண்ணூற்றெட்டு, பொட். தொண்ணூற்றெட்டு, பொட். "கூலரைக் கழற்றிப் பாக்கலாம் மாமா" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். "நான் மாட்டினதுல தப்பு வராது. அந்தம்மா டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டா" என்றார்.

மனைவி முகம் நாளுக்கு நாள் வாடியது. "அவன் வரவே மாட்டானோ என்னவோ" என்று தானாகச் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் மெஷினைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே நாலு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் வைத்தே பொரிந்து தள்ளினார். பொம்பளைன்னு நம்பி வந்தேன் என்றார், சூட்டைப் பத்தி எனக்கே பாடமா என்றார். கடைக்காரம்மா திருகுளியை எடுத்து நாலு திருகைக் கழற்றினார். கூலரை மெதுவாக உயர்த்தி, தலைகீழாகத் திருப்பி, கல்லாப் பெட்டி மேல் வைத்தார்.

கூலரின் அடியில், செப்பு மேல், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் சிவப்பு எழுத்து, நாலு மொழியில்: பொருத்தும் முன் இதைப் பிரிக்கவும்.

கடைக்காரம்மா நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். மருமகள் சிரிக்க ஆரம்பித்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை வைத்து மாட்டினார்கள். அதே வேகம், அதே விளையாட்டு. அறுபத்தாறு டிகிரி. அரைமணி நேரம் ஆகியும் அறுபத்தாறைத் தாண்டவில்லை.

எவ்வளவு சந்தோஷப்பட வேண்டிய இடம் பாருங்கள். கூலிங்காரரோ பேயறைந்தவர் மாதிரி நின்றார். நாலு பேர் முன்னால் அவமானம் என்று மருமகள் நினைத்தாள். அதில்லை. அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு எழுத்து அத்தனை பெரிதாக இருக்கிறது. பசை வைத்த அன்று அதை அவர் நேருக்கு நேராகப் பார்த்திருக்கிறார், கண்ணில் படவில்லை. அப்படியானால் வேறு எதெல்லாம் படாமல் போயிருக்கும்?

கடைக்காரம்மாவிடம் "தப்பா பேசிட்டேன்மா" என்றார்.

வேனில் மருமகள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள். அப்பாகிட்ட இதைச் சொன்னா அவரே சிரிச்சிடுவார் மாமா, என்றாள். இவர் காதில் எதுவும் ஏறவில்லை. வீடு வந்ததும் மெஷினை இறக்கக்கூட இல்லை. நேராக உள்ளே போய், தன் வேலை மேஜைக்கு அடியிலிருந்த பழைய சாமான் பெட்டியை இழுத்துத் தரையில் கவிழ்த்தார். கபாசிட்டர், ரிலே, செப்புத் துண்டு எல்லாம் உருண்டன. நடுவில் அந்த சென்சார் கிடந்தது. மருந்து அறையில் அவர் மாட்டியது, எட்டு மாதத்துக்கு முன்னால் அவரே கழற்றியது.

அதன் முனையில், அடிபடாமல் இருக்க ஃபேக்டரியில் போட்ட கறுப்பு ரப்பர் மூடி அப்படியே இருந்தது. உள்ளே பஞ்சு வைத்த மூடி. பிரிக்கவே இல்லை.

"என்ன மாமா அது?"

கூலிங்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் சொன்னார், யாரோ வேறு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல: "இந்த மூடிக்குள்ள இருக்கிற வரைக்கும் ரூம் குளிர்றது இதுக்குச் சீக்கிரம் தெரியாது. தெரியறதுக்குள்ள மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். எல்லாம் உறைஞ்சுபோகும். உங்கப்பா நாபைத் தொடலம்மா. நான்தான். நான்தான் பண்ணினது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மருமகள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, அவளுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்லயே மாமா. அப்பா ஒத்துக்கிட்டாரே."

"என்னது?"

"நான்தான் திருப்பியிருக்கேன், ஞாபக மறதியில திருப்பிட்டேன்னு எங்ககிட்ட சொன்னாரே. அம்மாகிட்டயும் என்கிட்டயும். அழுதுக்கிட்டே சொன்னாரு. அதுக்கப்புறம் நான் அவரோட ரெண்டு மாசம் சரியா பேசக்கூட இல்ல."

செய்யாத தப்பை ஒரு மனுஷன் எதற்கு ஒப்புக்கொள்வான்? கூலிங்காரர் சென்சாரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்ற இருவரும் கேட்காமலே வேனில் ஏறினார்கள்.

கார் கழுவும் இடத்தில் மச்சினன் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு வண்டியின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். அத்தானைப் பார்த்ததும் அடிக்கிற தண்ணீரை நிறுத்தினார். பின்னால் அக்காவும் மகளும் வருவதைப் பார்த்து முகம் வெளிறிப்போனது.

"என்ன ஆச்சு, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல மாப்ள." கூலிங்காரர் சென்சாரை எடுத்து நீட்டினார். "இது அந்த ரூம்ல இருந்தது. மூடியைக் கழட்டாமலே மாட்டியிருக்கேன். அதான் உறைஞ்சுது."

மச்சினன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அதை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். பத்து வருஷம் அந்த மீட்டரைப் பார்த்துக் குறித்தவர், அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விரலால் மூடியை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது, வரவில்லை.

"நீ ஏன் மாப்ள வீட்டுல ஒத்துக்கிட்டே?"

"எனக்கே சந்தேகமாயிடுச்சு அத்தான்." கண்ணை அந்த மூடியிலிருந்து எடுக்காமல் பேசினார். "லீவுக்கு முன்னால நான் தொடலன்னு முதல்ல நல்லாத் தெரியும். அப்புறம் நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. உங்க கை தப்பாதுன்னு எனக்குத் தெரியாதா? அப்ப நான்தானே தொட்டிருக்கணும். யோசிச்சு யோசிச்சு, நான் திருப்புற மாதிரியே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. கடைசியில நம்பிட்டேன். இப்பக்கூட கேஸ் அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பாக்குறேன். பூட்டுன கதவைத் திரும்பப் பூட்டுறேன்."

கூலிங்காரர் குறுக்கிட்டார். "திங்கட்கிழமை காலையில மேனேஜர்கிட்ட இதைக் கொண்டுபோய் வைக்கிறேன். எழுதியே குடுத்துடறேன். என் வேலை போனா போகட்டும். உன் வேலையை…"

மச்சினன் அதைக் கேட்கவே இல்லை. வேலை, மேனேஜர் எதுவும் அவர் காதுக்குள் போகவில்லை. மகள் கிட்டே வந்து அவர் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டதுகூட அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அத்தானின் முகத்தையே பார்த்தார்.

"அப்ப நான் தொடலையா?"

"நீ தொடல மாப்ள."

"நிஜமாவா?"

"நிஜமா. நீ தொடவே இல்ல."

மச்சினன் அங்கிருந்த கவிழ்த்த வாளி மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அத்தான்" என்றார்.